கல்லாத்துப்பட்டியில் நடுத்தீர்வை

கல்லறையைப் பிளந்துகொண்டு வெளியே வந்த கை பச்சை நிறத்தில் இருந்தது.

ஸ்தனிஸ்லாஸ் உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். நாற்பது வருடமாகக் கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கிற மனுஷன். ஆண்டவருடைய கையைப் படத்தில் பார்த்திருக்கிறார், சுரூபத்தில் எண்ணெய் போட்டுத் துடைத்தே இருக்கிறார். பச்சையாக எங்கேயும் இல்லை. நகமும் இவ்வளவு நீளம் கிடையாது.

கைக்குப் பின்னால் தலை வந்தது. அதுவும் பாதித் தலைதான்.

"உபதேசியாரே," என்று பெண்கள் பக்கத்திலிருந்து லூர்து மேரி கேட்டாள். "இது நம்ம ஆண்டவருங்களா?"

"பேசாம பாரும்மா. இப்பத்தான ஆரம்பிச்சிருக்குது."

"இல்லீங்க, நீங்கதான் இந்தப் படத்த ரெண்டு தடவ பாத்தேன்னு பூசை முடிஞ்சு சொன்னீங்க. அதான் கேட்டேன்."

சொன்னது உண்மை. பார்த்ததுதான் பொய்.

கல்லாத்துப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு ஊரே உட்கார்ந்திருந்தது. உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின தபசுகாலத்து ஞாயிறு, மத்தியானம் மூன்று மணி. சன்னலுக்கெல்லாம் சாக்கு கட்டி வெயிலை வெளியே நிறுத்தியிருந்தார்கள். மேசைமேல் கலர் டி.வி. அதன் பக்கத்தில் வீடியோ கேசட்டு ஓட்டுகிற டெக்கு. டெக்குக்குக் காவலாக அரூர் வீடியோ கடைக் குப்புராஜ். எல்லாருக்கும் முன்னால், கை வைத்த நாற்காலியில், பங்குச்சாமியார் இஞ்ஞாசி.

உபதேசியார் டி.வி.யைவிட அந்த நாற்காலியைத்தான் அதிகம் பார்த்தார். காரணம் இருந்தது.

சாமியார்களுக்கெல்லாம் மேலே இருக்கிற மேற்றிராணியாருடைய இல்லத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. பயிற்சி எடுக்காத பழைய உபதேசியார்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் படித்த ஆட்களைப் போடலாம். பழைய ஆளே போதும் என்று பங்குச்சாமியார் நினைத்தால், உயிர்ப்புத் திருநாளுக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். ஸ்தனிஸ்லாஸ் படித்தது அஞ்சாம் வகுப்பு. அதிலும் கடைசி ஆறு மாதம் மாடு மேய்க்கப் போய்விட்டார். கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஓட்டு வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். அறுபத்திரண்டு வயதில் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு எந்தப் புளியமரத்தடிக்குப் போவது?

"சாமியாருகிட்ட நேரா ஒரு வார்த்த கேளுங்களேன்," என்று அவர் மனைவி ராஜமேரி பத்து நாளாக நச்சரித்தாள்.

"கேட்டா? பாக்கலாம்பாரு. படிச்சவங்க பாக்கலாம்னா இல்லைன்னு அர்த்தம்."

"அப்ப என்னாதான் பண்ணப் போறீங்க?"

"நான் இல்லாம இந்தப் பங்கு நடக்காதுன்னு காட்டப் போறேன்."

"நடக்குமே! நீங்க காய்ச்சல்ல படுத்த மாசம் நடந்துச்சே!"

"வாய மூடு."

காட்டுவதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் படம். ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடுகளைப் பற்றி வெள்ளைக்காரர்கள் எடுத்த படத்தை டெக்கில் போடுவது. பேச்செல்லாம் இங்கிலீசில் இருக்கும். ஜனங்களுக்கு ஒரு எழவும் புரியாது. இவர் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்வார். சாமியார் பார்த்துக்கொண்டிருப்பார். பாடுகளின் கதை இவருக்குத் தலைகீழாகத் தெரியும், இங்கிலீசு எதற்கு?

இஞ்ஞாசி சாமியார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. டெக்கு என்பது குடும்பத்தைக் கெடுக்க வந்த பெட்டி, அதில் வருகிற கண்ட கண்ட படம் ஆத்துமத்துக்கு விஷம் என்று ஒரு ஞாயிறு முழுப் பிரசங்கமே வைத்தார். உபதேசியார் விடாமல் பின்னாலேயே நடந்தார். கடைசியில், "சரி, ஆண்டவர் படங்கறதால விடறேன். ஆனா முழுப் பொறுப்பும் நீங்கதான்," என்று சாமியார் தலையாட்டினார்.

அரூர் போய்ப் பார்த்தால், குப்புராஜ் கடையில் பாடுகள் படம் ஒன்றுகூட இல்லை.

"தபசுகாலமுங்களே. எல்லாக் கோயிலுக்கும் போயிருச்சு. உங்க திருநா முடிஞ்சு வாங்க, தரேன்."

"திருநா முடிஞ்சு வந்து நான் என்னாத்தப் பண்றது?"

அப்போதுதான் அலமாரி மூலையில் அந்தக் கேசட்டு கண்ணில் பட்டது. அட்டையில் கோயில். கோயிலுக்கு முன்னால் வரிசையாகச் சிலுவை. நடுவில் திறந்த கல்லறை, அதற்குள்ளேயிருந்து வெளிச்சம். எழுத்தெல்லாம் இங்கிலீசு.

"இது என்னா படம்?"

குப்புராஜ் பதறினான். "அது உங்களுக்கு வேணாங்க. அது வேற மாதிரிப் படம்."

"சிலுவ இருக்குதா?"

"இருக்குதுங்க, ஆனா..."

"கல்லற தொறந்திருக்குதா?"

"தொறந்திருக்குதுங்க. நான் சொல்றதக் கொஞ்சம்..."

"செத்தவங்க எந்திரிச்சு வராங்களா?"

"அதுதாங்க படமே! ஆனா பெரியவரே..."

புளுதியூர் சந்தையில் எத்தனையோ வருடம் மாடு பார்த்தவர் ஸ்தனிஸ்லாஸ். எந்த மாட்டை வியாபாரி பின்னால் தள்ளிக் கட்டுகிறானோ அதுதான் நல்ல மாடு. குப்புராஜ் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, இதை எவனோ பெரிய கைக்காக ஒதுக்குகிறான் என்று இவருக்கு உறுதியாகிவிட்டது. கேசட்டை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, "ஞாயித்துக்கிழம டெக்கோட வந்து சேரு," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

அப்படி மடியில் கட்டிக்கொண்டு வந்த பூனைதான் இப்போது டி.வி.யில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

பாதித்தலைக்காரன் தள்ளாடிக்கொண்டே ரோட்டுக்கு வந்தான். எதிரே ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது.

"காரு!" என்று ஆண்கள் வரிசையிலிருந்து அல்போன்ஸ் கத்தினான். அல்போன்ஸ் ஊரில் வசதிக்காரன். வசதியைவிட அவனுக்கு வாய் பெரிது. "உபதேசியாரே, ஏரோது ராசா காருலயா வந்தாரு?"

கட்டடம் முழுக்கச் சிரிப்பு. சாமியாருடைய பின்னந்தலை மட்டும் அசையவில்லை.

தப்பான படம் வந்துவிட்டது என்று அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் ஓட்டு வீடு போய்விடும். ஸ்தனிஸ்லாஸ் தொண்டையைக் கனைத்தார்.

"எதுக்குச் சிரிப்பு? இது முடிஞ்சு போன காலம் இல்ல. இனிமே வரப்போற காலம். நடுத்தீர்வை நாளு! அன்னிக்குச் செத்தவங்க எல்லாரும் கல்லறைய விட்டு எந்திரிச்சு வருவாங்கன்னு ஞானோபதேசத்துல சொல்லிக்குடுத்தேனே, மறந்துட்டீங்களா? நடுத்தீர்வையப்ப காரு இருக்காதா? பஸ்ஸே இருக்கும்!"

சிரிப்பு நின்றது. யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சாமியார் நாற்காலியை விட்டு எழுந்தார். முகம் சிவந்திருந்தது. டி.வி.யை நிறுத்தச் சொல்கிற மாதிரி கையை நீட்டி ஓர் அடி வைத்தார். ஸ்தனிஸ்லாஸுக்கு உயிர் போய்விட்டது. குப்புராஜ் சட்டென்று எழுந்தான். பல்லெல்லாம் தெரியக் கை கூப்பினான்.

"கும்பிடறேனுங்க சாமி. சவுண்டு போதுங்களா?"

சாமியார் அவனைப் பார்த்தார். அவன் சாமியாரைப் பார்த்தான்.

"போதும்," என்று சொல்லிவிட்டுச் சாமியார் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

ஏன் உட்கார்ந்தார்? உபதேசியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாமியார் பி.ஏ. படித்தவர். படத்தில் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குப் புரியும். புரிந்தும் உட்கார்ந்திருக்கிறார் என்றால், ஒன்று இது நிஜமாகவே நடுத்தீர்வைப் படமாக இருக்க வேண்டும். இல்லையென்றால், கிழவன் எவ்வளவு தூரம் புளுகுவான் பார்க்கலாம் என்று கயிற்றை நீளமாக விடுகிறார். இரண்டில் எது? வாயைத் திறக்கவும் பயம், மூடவும் பயம்.

படம் காத்திருக்கவில்லை. காக்கி உடுப்புப் போட்ட ஒரு வெள்ளைக்காரனை ஐந்தாறு பேர் சேர்ந்து மடக்கி, அவன் மண்டையைக் கடித்தார்கள்.

"அய்யோ சேசுவே! மண்டையத் தின்னுறாங்களே!" என்று லூர்து மேரி மாரில் அடித்துக்கொண்டாள்.

"திங்கல. சோதிக்கறாங்க," என்றார் உபதேசியார். "பாவம் மொதல்ல எங்க வருது? நெனப்புல. நெனப்பு எங்க இருக்குது? மண்டைக்குள்ள. அந்தப் பாவத்தத் தேடி வெளிய எடுக்கறாங்க."

"கடிபட்டவனும் எந்திரிச்சு அவங்க கூடவே நடக்கறானே?"

"மனந்திரும்பிட்டான்."

பதில் வந்த வேகத்தில் அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது. பரிசுத்த ஆவி என்பது இதுதானோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

"அது ரத்தம் இல்லீங்க," என்று அல்போன்ஸ் மறுபடி ஆரம்பித்தான். "தக்காளி. வெதயோட ஒழுகுது பாருங்க."

தக்காளி போடுகிற ஊர். இந்த விஷயத்தில் யாரையும் ஏமாற்ற முடியாது. எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்து, ஆமாம் ஆமாம் என்றார்கள்.

"கானாவூர்க் கல்யாணத்துல தண்ணி திராட்ச ரசமா மாறுச்சே, அப்ப கேட்டியா நீ?" என்று ஸ்தனிஸ்லாஸ் பாய்ந்தார். "அதுக்கு மட்டும் தலையாட்டுனே. இதுக்குக் கேள்வியா?"

அல்போன்ஸ் அடங்கினான். உபதேசியார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டி.வி. பக்கம் திரும்பினார். அடுத்த இடி அங்கே தயாராக இருந்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண் வீட்டுக்குள் போய், தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு, சட்டைப் பித்தானைக் கழற்ற ஆரம்பித்தாள்.

அறுபத்திரண்டு வருடத்தில் ஸ்தனிஸ்லாஸ் அப்படி ஓடினதே இல்லை. துண்டை எடுத்து டி.வி. மேல் போர்த்தினார். படம் மறைந்தது. சத்தம் மறையவில்லை. உள்ளே தண்ணீர் சளசளத்தது. அவள் சந்தோஷமாகப் பாட்டுப் பாடினாள். பார்த்திருந்தால்கூட இவ்வளவு மோசமாக இருந்திருக்காது. ஆண்கள் வரிசை மொத்தமும் ஒரு முழம் முன்னால் நகர்ந்தது.

"உள்ள என்னாங்க நடக்குது?"

"ஞானஸ்நானம்."

"யாருங்க குடுக்கறாங்க?"

"ஆபத்து நேரத்துல சாமியார் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியுமா? தனக்குத் தானே குடுத்துக்கறா."

சொன்ன பிறகுதான், யாரும் தனக்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்துக்கொள்ள முடியாது என்று தானே நாற்பது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது. சாமியார் பெரிதாக ஒரு தரம் இருமினார்.

துண்டை எப்போது எடுப்பது? சீக்கிரம் எடுத்தால் மானம் போகும். எடுக்காமலே விட்டால் படம் போகும். பிடித்தபடி நின்று வேர்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எடுத்துரலாம்," என்று சாமியார் அடிக்குரலில் சொன்னார்.

எடுத்தார். அந்தப் பெண் கழுத்திலிருந்து கணுக்கால் வரை உடுத்திக்கொண்டு சமையல் கட்டில் நின்றிருந்தாள். ஆண்கள் வரிசையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. இங்கிலீசு தெரிந்தவர்களுக்குச் சத்தத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும் போலிருக்கிறது என்று ஸ்தனிஸ்லாஸ் நினைத்துக்கொண்டார். சாமியார் தன் பக்கம்தான் என்று கொஞ்சம் தைரியமும் வந்தது.

அந்தத் தைரியம் ஐந்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை. படம் எடுத்தவனுக்கே புத்தி பிசகிவிட்டது. பச்சை முகத்துக் கிழவன் ஒருவன் போலீஸ்காரனைத் துரத்திக்கொண்டு ஓடும்போது, அவன் வலது கை தோளோடு கழன்று விழுந்தது. கிழவன் நின்றான். இடது கையால் அதை எடுத்தான். மண்ணைத் தட்டினான். பிறகு அந்தக் கையாலேயே போலீஸ்காரன் முதுகைத் தொட்டான். போலீஸ்காரன் யாரென்று திரும்பிப் பார்க்காமல், இன்னும் கொஞ்சம் கீழே சொறி என்று முதுகைக் காட்டினான்.

ஓடு பறக்கிற மாதிரிச் சிரிப்பு. பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். அல்போன்ஸ் தரையில் உருண்டான். "நல்ல நடுத்தீர்வைங்க உபதேசியாரே! இப்படின்னா நான் நாளைக்கே செத்துப்போறேன்!"

ஸ்தனிஸ்லாஸுக்கு ஓட்டு வீடு கண் முன்னால் சரிந்தது. பயம் தலைக்கேறினால் அவருக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"முட்டி போடுங்க!" என்று கத்தினார். "நடுத்தீர்வையப் பாத்துச் சிரிக்கற கூட்டமா இது? எல்லாரும் முட்டி போடுங்க!"

அந்தக் குரல் முட்டி போடு என்றால் முட்டி போட்டு, எழுந்திரு என்றால் எழுந்து பழகின ஊர். புத்தி யோசிப்பதற்குள் முழங்கால் மடங்கிவிட்டது. பின் வரிசை, நடு வரிசை, முன் வரிசை என்று கட்டடமே முட்டி போட்டது. உருண்டுகொண்டிருந்த அல்போன்ஸும் அப்படியே எழுந்து முட்டி போட்டான். சாமியார் ஒருவர்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இருநூறு கண் அவர் முதுகில் குத்தியது.

சாமியார் பின்னால் திரும்பி ஜனத்தைப் பார்த்தார். பக்கத்தில் குப்புராஜைப் பார்த்தார். பிறகு அங்கியை இரண்டு கையாலும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, மெதுவாக, கழன்ற கைக்காரனுக்கு முன்னால் முழங்காலில் நின்றார்.

குப்புராஜ் டெக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி குலுங்கிக் குலுங்கி அழுதான். இந்துப் பையன்கூட மனம் உருகிவிட்டானே என்று உபதேசியாருக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒருவேளை நிஜமாகவே இது நடுத்தீர்வைப் படம்தானா? தான் சொன்னது பொய்யா, உண்மையா என்று அவருக்கே இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை.

முட்டி போட்டதும் சிரிப்பு போய், பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதே பச்சை மூஞ்சிகளை உட்கார்ந்து பார்ப்பது வேறு, முழங்காலில் பார்ப்பது வேறு.

"உபதேசியாரே," என்று லூர்து மேரி நடுங்கிக்கொண்டே கேட்டாள். "எங்க வூட்டுக்காரரும் இப்படித்தான் எந்திரிச்சு வருவாருங்களா?"

"எல்லாரும்தான் வருவாங்க."

"பசியோடயா?"

"பாத்துக்கிட்டுத்தான இருக்கே."

"உசுரோட இருக்கறப்பவே சோறு ஆறிப்போச்சுன்னா சட்டியத் தூக்கி என் மேலயே அடிப்பாருங்க. இப்ப பதினெட்டு வருசப் பசி! வந்தா வூடு தாங்குமா? அவரு கல்லற மேல இன்னும் ரெண்டு கல்லு ஏத்தி வெச்சிரலாங்களா?"

"எங்க மாமியாளுக்கும் ரெண்டு கல்லு ஏத்துங்க," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"கல்லறைய ஒண்ணும் பண்ணக் கூடாது! செபம் சொல்லுங்க!" என்றார் உபதேசியார். யாரும் சொல்லவில்லை. கல் எங்கே எடுக்கலாம் என்று பெண்கள் பக்கத்தில் பேச்சு நடந்தது.

டி.வி.யில் பச்சை முகத்துக்காரன் ஒருவன், மற்ற வீட்டையெல்லாம் விட்டுவிட்டு ஒரு வீட்டுக்கு மட்டும் நேராகப் போய்க் கதவைத் தட்டினான். உள்ளே ஒருவன் கட்டிலுக்கு அடியில் புகுந்தான்.

"இவன் எதுக்குங்க இந்த வூட்டுக்கு மட்டும் நேரா போறான்?" என்று கேட்டது அல்போன்ஸ். இந்த முறை குரலில் கிண்டல் இல்லை.

ஸ்தனிஸ்லாஸ் களைத்துப்போயிருந்தார். ஏரோது ராசா காரும், தக்காளி விதையும் இன்னும் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தன. வாயில் வந்ததைச் சொன்னார்.

"அது அவன் தம்பி வூடு. செத்த பொறவு தம்பி பண்ண அநியாயத்துக்கு நியாயம் கேக்கப் போறான்."

டி.வி.யில் கதவு உடைந்தது.

அல்போன்ஸ் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. முழங்காலிலேயே நகர்ந்து பெண்கள் பக்கம் போனான். அங்கே அவன் செத்த அண்ணனுடைய பெண்டாட்டி புஷ்பமேரி உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி! நான்தான் அண்ணி நகத்துனேன்!"

"என்னாத்த?"

"கெணத்து மேட்டு எல்லக்கல்ல. அண்ணன் செத்த மூணாம் மாசம். ஆறு அடி, அண்ணி. வேப்பமரம் என் பக்கம் வரட்டும்னு நகத்திட்டேன்."

புஷ்பமேரி எழுந்து நின்றாள். "சிலுவ மேல கை வெச்சு இல்லவே இல்லைன்னீங்களே கொழுந்தனாரே! நாலு வருசமா என்னைப் பொய்க்காரின்னு ஊரு பூரா சொன்னீங்களே!"

"இப்பவே புடுங்கி நட்டுடறேன். நீங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லி வெச்சிருங்க."

"நான் எங்க போயி சொல்றது?"

"கல்லறையிலதான்! எந்திரிக்கறதுக்கு முன்னாடி சொல்லிருங்க!"

அதற்குமேல் அந்தக் கட்டடம் தாங்கவில்லை. கடப்பாரையைத் தேடிக்கொண்டு அல்போன்ஸ் ஓடினான். சொன்ன சொல் மாறிவிடப் போகிறான் என்று பாதி ஊர் அவன் பின்னால் ஓடியது. மீதி ஊர் லூர்து மேரியோடு, ஆளுக்கொரு கல்லாகப் பொறுக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனது. சாக்கு விலகி வெயில் உள்ளே வந்தது. டி.வி.யில் செத்தவர்களும் போலீஸ்காரர்களும் தோளில் கை போட்டுக்கொண்டு ஆடினார்கள்.

"மோட்சம்," என்றார் உபதேசியார், யாரும் இல்லாத கட்டடத்தைப் பார்த்து.

சாமியார் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டார். "பங்களாவுக்கு வாங்க," என்றார். அவ்வளவுதான்.

உபதேசியார் வீட்டைத் தாண்டித்தான் சாமியார் பங்களாவுக்குப் போக வேண்டும். வாசலில் ராஜமேரி நின்றிருந்தாள். சேதி அதற்குள் வந்துவிட்டது.

"என்னாங்க, செத்தவங்க எல்லாம் வராங்கன்னு சொல்லி ஊரையே ஓட விட்டீங்களாமே?"

"சாமியார் கூப்புட்டிருக்காரு."

அவள் திரும்பினாள். உள்ளே போய் ஒரு சாக்கை உதறினாள். வெண்கலப் பானையை முதலில் வைத்தாள்.

பங்களாவில் சாமியார் கதவைச் சாத்தினார். மேசைமேல் அந்தக் கடிதம் இருந்தது. பக்கத்தில் பேனா. ஸ்தனிஸ்லாஸ் நின்ற இடத்திலேயே நின்றார்.

"அந்தக் குப்புராஜ் உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னானா?" என்று கேட்டார் சாமியார்.

"நெறையச் சொன்னானுங்க சாமி. வேணாம் வேணாம்னான். அவன் பேச்ச நான் காதுலயே வாங்கல."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லீங்க."

சாமியார் நாற்காலியில் சாய்ந்தார். உபதேசியாருக்கு அடக்க முடியவில்லை. "சாமி, நான் மறைக்கல. அந்தப் படத்த நான் முன்ன பின்ன பாத்ததே இல்லீங்க. அட்டையில சிலுவ இருந்துச்சு..."

"அத விடுங்க." சாமியார் பேனாவைத் திறந்தார். "அல்போன்ஸ் கல்லப் புடுங்கிட்டானாம். களவு செய்யாதேன்னு ரெண்டு வருசமா ஒம்பது பிரசங்கம் வெச்சிருக்கேன். ஒரு அங்குலம் நகரல அது. நீங்க ஒரு மத்தியானத்துல ஆறடி நகத்திட்டீங்க."

கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

"உசுரு இருக்கற வரைக்கும் நீங்கதான் இங்க உபதேசியார். ஆனா ஒண்ணு. இனிமே கல்லாத்துப்பட்டிக்கு டெக்கு வரக் கூடாது. குப்புராஜும் வரக் கூடாது. அவன் கூட உங்களுக்கு எந்தப் பேச்சும் வேணாம்."

"அவன் கூட எனக்கென்னாங்க பேச்சு!"

கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் தபாலில் சேர்க்க வாங்கிக்கொண்டு ஸ்தனிஸ்லாஸ் வெளியே வந்தார். நாற்பது வருடம் உண்மையை மட்டும் சொல்லி வந்தார், ஒருத்தரும் ஒரு காகிதம் எழுதித் தரவில்லை. ஒரு மத்தியானம் வாய்க்கு வந்ததைப் புளுகினார், சாகிற வரைக்கும் வீடு கிடைத்துவிட்டது. இதில் எங்கேயோ ஒரு கணக்கு இடித்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. தெரியாவிட்டால் போகட்டும். ராஜமேரி பானையைச் சாக்கிலிருந்து வெளியே எடுத்தால் சரி.

பள்ளிக்கூட வாசலில் குப்புராஜ் டி.வி.யைப் போர்வையில் சுற்றி மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். பேச வேண்டாம் என்று சொல்லியிருந்தார்தான். ஆனால் ஜெயித்தவன் தோற்றவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் அந்த ஜெயிப்புக்கு என்ன ருசி?

"பாத்தியாப்பா?" என்று காகிதத்தை அவன் முகத்துக்கு நேராக ஆட்டினார். "நல்ல படத்த ஒளிச்சு வெச்சு என்னை ஏமாத்தப் பாத்தே. நான் மசியல. கடைக்காரன் உனக்கு அந்தப் படத்தோட அரும தெரியல. படிச்ச மனுஷன், எங்க சாமியாருக்கு ஒரே பார்வையில தெரிஞ்சு போச்சு."

குப்புராஜ் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

"ஒரே பார்வையாங்க? எங்க கடைப் பின்னறையில கதவச் சாத்திக்கிட்டு இதே படத்த ஆறு தடவ பாத்தவருங்க உங்க சாமியாரு. முட்டி போட்டுப் பாத்ததுதான் இன்னிக்கு மொதோ தடவ."